நெல் பாதி விலைக்குப் போன வருஷங்கள்

வைகை வடகரை: பகுதி 17

தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி மதுரைப் பக்கத்தில் கதை சொல்வது எளிது. மழை பொய்த்தது, தானிய விலை ஏறியது, ஜனங்கள் செத்தார்கள். 1876-78-ன் கணக்கு அவ்வளவு நேரானது. 1930-களின் பெருமந்தத்தை அப்படிச் சொல்ல முடியாது. மழை பொய்க்கவில்லை, களத்தில் நெல் இருந்தது, அந்த நெல்லுக்குத்தான் விலை இல்லை. விலை ஏறினால் என்ன செய்வது என்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்துவைத்திருந்த ஊர்கள், விலை இறங்கியபோது திகைத்து நின்றன. 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்த செய்தி வந்த கையோடு நம் பக்கத்து நெல் விலை சரிந்துவிடவில்லை. 1930 முழுக்க அரிசி ஓரளவு தாக்குப்பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபரில் ஜப்பானில் அமோக விளைச்சலால் அரிசி விலை விழுந்தது, அடுத்து ரங்கூன் சந்தை விழுந்தது, 1931 தை அறுவடை களத்துக்கு வரும்போது இந்தியாவிலும் விழுந்துவிட்டது. கல்கத்தா மொத்த விலைக் குறியீடு (1914 ஜூலையை 100 என்று கொண்டால்) 1929-ல் 141. 1931-ல் 96, 1933-ல் 87. சென்னை மாகாணத்தில் நெல் விலை ஏறக்குறைய பாதியாகப் போயிற்று.

சென்ற பகுதியில் 1895-ல் பெரியாற்றுத் தண்ணீர் வந்தபின் இந்தச் சமவெளியின் பயிர் எப்படி மாறியது என்று பார்த்தோம். அந்தத் தண்ணீரோடு பணமும் ஊருக்குள் வந்தது. மதுரையிலிருந்து திண்டுக்கல் சாலையில் விளாங்குடி, பரவை, சமயநல்லூர் என்று வைகையின் வடகரையை ஒட்டிப் போனால், கண்மாய்ப் பாசன நஞ்சை ஒரு பக்கம், ரயில் பாதை ஒரு பக்கம். மேற்கே சோழவந்தானின் வெற்றிலைக் கொடிக்கால்கள், கிழக்கே மதுரை நகரத்தின் ஆலைகளும் தறிகளும். இந்தப் பத்துப் பன்னிரண்டு மைலுக்குள் பட்டாதாரர், குத்தகைதாரர், பண்ணைக் கூலி, நெசவாளி, மில் தொழிலாளி, ரயில்வே ஊழியர், குமாஸ்தா, வட்டிக்கடைக்காரர், கொழும்புக்கும் பினாங்குக்கும் ஆள் அனுப்பிய குடும்பங்கள் என எல்லோரும் இருந்தார்கள். எல்லோரையும் தொட்டது ஒரே மந்தம். ஆனால் ஒருவருக்கு வேலை போயிற்று, ஒருவருக்குக் கூலி போயிற்று, ஒருவருக்கு நிலம் போயிற்று, சிலருக்கு வாழ்வே கொஞ்சம் வசதியாயிற்று. இந்த வேறுபாட்டுக்குத் திறமையோ உழைப்போ காரணமில்லை. ஒவ்வொருவரும் பணத்தோடு எப்படிக் கட்டப்பட்டிருந்தார் என்பதே காரணம் என்பது என் வாதம். வரவு ரூபாயில் உறுதியாக இருந்தவர் தப்பினார். செலவு ரூபாயில் உறுதியாக இருந்தவர் மாட்டிக்கொண்டார். வரவை யார் வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம் என்ற நிலையில் இருந்தவரின் தலையில், மற்றவர்கள் தள்ளிவிட்ட நஷ்டமெல்லாம் வந்து இறங்கியது.

முதலில் நிலம் வைத்திருந்தவர். ரயத்துவாரி முறையில் நிலவரியான கிஸ்தி ரூபாயில் நிர்ணயிக்கப்பட்டது, அதுவும் முப்பது வருஷக் கணக்குக்கு. நெல் என்ன விலைக்குப் போனாலும் தொகை மாறாது. விலை பாதியானால் அதே கிஸ்திக்கு இரண்டு மடங்கு நெல் அளக்க வேண்டும். கிஸ்தி கட்டும் காலமும் அறுவடையை ஒட்டியே வருவதால், விலை ஏறட்டும் என்று காத்திருக்கவும் வழியில்லை. கடனும் அப்படியே. 1930-ல் மாகாண வங்கி விசாரணைக் குழு சென்னை மாகாணத்தின் கிராமக் கடனைச் சுமார் 150 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. ஐந்து வருஷம் கழித்து டபிள்யூ. ஆர். எஸ். சத்தியநாதன் விவசாயக் கடன் பற்றி எழுதிய அறிக்கை அது சுமார் 200 கோடி என்றது. மந்த காலத்தில் புதிதாகக் கடன் கொடுக்க ஆள் இல்லை. அப்படியிருந்தும் தொகை ஏறியது என்றால், கட்ட முடியாத வட்டி முதலோடு சேர்ந்துகொண்டே போனது என்று பொருள். நெல்லில் கணக்கிட்டால் ஏற்றம் இன்னும் பயங்கரமானது. 150 கோடியை அடைக்க 1929-ல் வேண்டியிருந்த நெல்லைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் 200 கோடியை அடைக்க 1935-ல் வேண்டியிருந்தது. ஒரு மரக்கால் நெல்லைக்கூடக் கூடுதலாக யாரும் கடன் வாங்காமலே இது நடந்தது.

குத்தகையிலும் இதே பேதம்தான். வாரத்துக்கு விட்ட நிலத்தில் விளைந்ததைப் பங்கு போட்டார்கள், நஷ்டமும் இரண்டாகப் பங்கு பட்டது. நெல் குத்தகையில் உழுதவர் பேசிய நெல்லை அளந்துவிட்டால் அதன் விலை நிலக்காரர் பாடு. பணக் குத்தகையில் முழுச் சுமையும் உழுதவர் மேல். கொடிக்கால் போன்ற தோட்டப் பயிர்கள் பணத்தை நம்பியே நடந்தவை. ஆகவே, பொதுவாக நாம் நினைப்பதற்கு மாறாக, சந்தையோடு நெருங்கி முன்னேறியதாகக் கருதப்பட்ட சாகுபடிக்காரர்தான் முதலில் அடி வாங்கினார். பழைய வாரத்தில் கிடந்தவருக்கு அடி பிந்தி வந்தது, சற்றுத் தணிந்தும் வந்தது.

கையில் மிஞ்சியது நகை. 1931 செப்டம்பர் 21-ல் பிரிட்டன் தன் நாணயமான பவுனைத் தங்கத்திலிருந்து கழற்றிவிட்டது. ரூபாய் பவுனோடு கட்டப்பட்டிருந்ததால் அதுவும் தங்கத்துக்கு எதிராக மதிப்பிழந்தது. தோலா 21 ரூபாய்ச் சில்லறைக்கு இருந்த தங்கம் சில வருஷங்களில் 30 ரூபாயைத் தாண்டியது. நெல் விழுந்த காலத்தில் தங்கம் ஏறியதால், கிராமத்துப் பெண்களின் கழுத்திலும் காதிலும் இருந்தது நகரத்துக்கு வந்து, உருக்கப்பட்டு, பம்பாய் வழியாகக் கப்பலேறியது. நல்ல விலைக்கு விற்றார்கள், இதில் துயரம் எங்கே என்று அன்றைய அரசாங்கத் தரப்பு கேட்டது. விற்றவர்கள் லாபம் பார்ப்பதற்காக விற்றிருந்தால் அந்தக் கேள்வி நியாயம்தான். ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி கிஸ்திக்கும் வட்டிக்கும் போயிற்று. குடும்பத்தில் பெண் பேரில் இருந்த ஒரே சொத்து ஆண் பேரில் இருந்த நிலத்தைக் காப்பாற்றச் செலவானது. இதை எந்த வேலைவாய்ப்புக் கணக்கும் காட்டாது. ஆனால் அடுத்த முறை குடும்பம் தடுமாறியபோது அடகு வைக்க ஒன்றுமில்லாமல் கூலிக்கு இறங்கியவர்களில் அந்தப் பெண்களும் உண்டு. நகை செய்யச் சொல்ல ஆளில்லாமல் பத்தர்களின் பட்டறையும் ஓய்ந்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபணை உண்டு. நெல் விலை இறங்கியது நிலக்காரனுக்குக் கஷ்டம், சரி. நிலமில்லாத கூலிக்கு அது நல்லதுதானே? சோறு மலிவாயிற்றே? காகிதத்தில் இது சரி. பண்ணையாளுக்குக் கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. களத்துமேட்டில் அளக்கிற மரக்கால் விலை இறங்கியதால் சிறுத்துவிடவில்லை. நெல் மலிவானபின் நெல்லாகக் கொடுப்பதுதான் நிலக்காரருக்கும் தோதாக இருந்தது. அதனால் நெல் கூலிக்காரரின் ஒரு நாள் கூலி பெரிதும் நிலைத்தது என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் வயிற்றை நிரப்புவது ஒரு நாள் கூலி கிடையாது, வருஷத்தில் எத்தனை நாள் கூலி கிடைத்தது என்பதே. கிஸ்திக்குப் பணமில்லாத சம்சாரி எதைக் குறைப்பார்? நடவையும் அறுப்பையும் குறைக்க முடியாது. இரண்டாவது களையெடுப்பைக் குறைக்கலாம், கமலை இறைப்பைச் சொந்த ஆட்களே பார்த்துக்கொள்ளலாம், வரப்புச் சீர்செய்வதைத் தள்ளிப்போடலாம். இவை எல்லாம் நடுவாந்தர நாட்களின் வேலை, காசுக் கூலி வேலை. களையெடுப்போ பெண்களின் வேலை. பண்ணையில் ஆண்டு முழுக்கக் கட்டுப்பட்டிருந்தவருக்கு மலிவுச் சோறு கிடைத்தது. அன்றாடம் ஆள் கூப்பிடுவதை நம்பியிருந்தவருக்குச் சோறு மலிவாக இருந்தும் வாங்கக் காசில்லை. அடிமைத்தனத்துக்கு அருகிலிருந்த உறவு பாதுகாப்பாகவும், சுதந்திரமான கூலி ஆபத்தாகவும் மாறியதை அந்தப் பத்தாண்டின் குரூரங்களில் முதலாவதாக வைப்பேன்.

வேலைக்குக் கூப்பிடும் நாட்கள் குறைந்த அதே வேளையில் வேலைக்கு நிற்கும் கைகள் கூடின. இந்தக் கைகள் வந்த வழியைத்தான் சற்று நின்று பார்க்க வேண்டும். 1931-ல் மலாயாவில் இந்தியர் ஆறு லட்சத்துக்கு மேல். பெரும்பாலோர் தமிழர், பெரும்பாலோர் ரப்பர் தோட்டங்களில். திருச்சி, தஞ்சை, சேலம், ராமநாதபுரம் ஜில்லாக்களைப் போலவே மதுரை ஜில்லாவும் அங்கே ஆள் அனுப்பியது. கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்ப்பார், நாகப்பட்டினத்திலோ சென்னைக்கு அருகே ஆவடியிலோ முகாமில் தங்கவைத்துக் கப்பலேற்றுவார்கள். செலவு தொழிலாளியுடையதல்ல. இந்தியர் குடியேற்ற நிதி என்று ஒன்று மலாயாவில் இருந்தது. இந்தியத் தொழிலாளர் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்ற கணக்கில் தோட்ட முதலாளிகளிடம் தீர்வை வாங்கி அந்த நிதியை நிரப்பினார்கள். 1929-ல் ராத்தலுக்குச் சராசரி 34 சென்ட் விற்ற ரப்பர் 1932-ல் 7 சென்ட்டுக்கு வந்தது. நிர்ணயக் கூலி ஆணுக்கு 50 சென்ட், பெண்ணுக்கு 40 என்றிருந்தது, 1930-ல் 40-ம் 32-ம் ஆயிற்று, பிறகு இன்னும் இறங்கியது. 1930 ஆகஸ்டில் புதிதாக ஆள் எடுப்பது நின்றது. அதே நிதி இப்போது திரும்பிப் போகக் கப்பல் கூலி கொடுத்தது. 1930-க்கும் 1932-க்கும் இடையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படி நாட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

இதைக் கருணை என்று பாராட்டியவர்கள் இருந்தார்கள். அந்நிய நாட்டில் பட்டினி கிடப்பதைவிடச் சொந்த ஊருக்கு இலவசமாகப் போவது மேல் என்றார்கள். திரும்பியவர்களிலேயே பலர் போக விரும்பினார்கள் என்பதும் உண்மையாக இருக்கலாம். இருந்தாலும் கணக்கைப் பாருங்கள். அதே வருஷங்களில் இங்கிலாந்தில் வேலை இழந்தவருக்கு, குறைந்த தொகையானாலும், அரசு உதவித்தொகை கொடுத்தது. அவர் பெயர் ஒரு பதிவேட்டில் இருந்தது, எத்தனை லட்சம் பேர் என்று பத்திரிகைகள் மாதாமாதம் எழுதின. மலாயாத் தோட்டங்களில் வேலையிழந்தவர் கப்பலில் ஏறியதும் மலாயாவின் கணக்கிலிருந்து மறைந்தார். நாகப்பட்டினத்தில் இறங்கி ரயிலேறி ஊர் சேர்ந்தபின் இந்தியாவின் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அண்ணன் வீட்டுத் திண்ணையிலும் மாமன் வீட்டுக் கொல்லையிலும் கரைந்துபோனார். உதவித்தொகை கொடுத்தது அண்ணனும் மாமனும்தான், அதுவும் நெல் பாதி விலைக்குப் போன வருஷத்தில். ரப்பர் விலையின் சரிவை லண்டன் பங்குதாரரும் கோலாலம்பூர் அரசாங்கமும் மட்டுமே சுமந்திருந்தால் அவர்களின் நஷ்டம் எவ்வளவு பெரியதாக இருந்திருக்கும்! தமிழ்நாட்டுக் கிராமம் அவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனமாக இருந்தது, பிரீமியம் வாங்காத காப்பீட்டு நிறுவனம். 1934-ல் ரப்பர் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம் வந்து விலை நிமிர்ந்தவுடன் ஆள் எடுப்பு மறுபடியும் தொடங்கியது என்பது இதற்குச் சாட்சி.

இலங்கையின் கதை நெருக்கமானது, மண்டபம் முகாமும் தனுஷ்கோடிக் கப்பலும் தாண்டினால் கொழும்பு என்பதால் போக்குவரத்து அதிகம். அங்கே இந்தியத் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927-லேயே வந்திருந்தது. 1930-களின் தொடக்கத்தில் அந்தக் குறைந்தபட்சமே அடுத்தடுத்துக் குறைக்கப்பட்டது. அரிசி மலிந்துவிட்டதே என்பதுதான் அங்கும் சொல்லப்பட்ட சமாதானம். தேயிலை ஓரளவு தாங்கியது, ரப்பர் தோட்டங்கள் தாங்கவில்லை. பர்மாவில் விஷயம் ரத்தத்தில் முடிந்தது. 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்ய, முதலாளிகள் பர்மியரை வேலைக்கு வைத்தார்கள். வேலைநிறுத்தம் தீர்ந்ததும் பர்மியரை வெளியே அனுப்பினார்கள். கலவரம் வெடித்தது. வேலை கொடுத்தவரும் வேலை பறித்தவரும் ஒருவரே, வெட்டிக்கொண்டவர்கள் இரண்டு கூலிக் கூட்டங்கள்.

திரும்பி வந்தவர்கள் யார் என்பதையும் கேட்க வேண்டும். தோட்டத்துக்குப் போனவர்களில் கணிசமானவர்கள் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களுக்குக் கடல் கடப்பது கூலியைவிடப் பெரிய விஷயம். தோட்டத்தில் கங்காணி கொடுமைக்காரராக இருந்தாலும், ஊரில் நடக்கக் கூடாத தெரு, எடுக்கக் கூடாத தண்ணீர், போடக் கூடாத துண்டு என்ற பட்டியல் அங்கே நீர்த்திருந்தது. பினாங்கில் ரொக்கக் கூலி எண்ணி வாங்கியவர், பண்ணையில் நெல் கூலிக்கு நிற்க வேண்டியதாயிற்று. இடைநிலைச் சாதிக்காரர் ஒருவர் திரும்பினால் அவருக்குக் கொஞ்சமாவது பங்காளி நிலம் இருக்க வாய்ப்புண்டு. இவருக்கு அதுவுமில்லை. அப்படியானால் எல்லாவற்றையும் சாதியே தீர்மானித்தது, பணக் கட்டு என்ற என் வாதம் தேவையில்லாத சுற்றுவழி என்று ஒருவர் சொல்லலாம். சாதியும் நிலமும் யார் எந்தக் கட்டில் இருப்பார் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தன, மறுக்கவில்லை. ஆனால் ஒரே சாதிக்குள் விதி பிரிந்த இடங்களைச் சாதியால் விளக்க முடியாது. பணக் குத்தகை வேளாளரும், அதே ஊரிலிருந்து போய் ரெவின்யூ ஆபீசில் எழுதிக்கொண்டிருந்த வேளாளரும் ஒரே மந்தத்தில் எதிரெதிர்த் திசையில் போனார்கள். மறுபுறம், சட்டமே ஒரு சாதியை ஓரிடத்தில் கட்டிப்போட்ட உதாரணமும் இங்கேதான் உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ், ஊரார் சொல்லும் கைரேகைச் சட்டத்தின் கீழ், பதிவு செய்யப்பட்ட பிரமலைக் கள்ளர் ஆண்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஊர் தாண்ட முடியாது. வேலை வேறிடத்துக்கு நகரும் காலத்தில் நகர முடியாமல் இருப்பதைவிடப் பெரிய தண்டனை எது?

வேலையில்லாத் திண்டாட்டம் பற்றி அரசாங்கம் பேசவே இல்லை என்று சொன்னால் பொய்யாகும். சென்னை அரசு 1920-களிலேயே ஒரு குழு போட்டது, படித்தவர்களின் வேலையின்மையை ஆராய. மாகாணம் அறிந்த வேலையற்றவர் பி.ஏ. படித்தவர். களையெடுப்புக்கு ஆள் கூப்பிடாததால் வீட்டிலிருந்த பெண் வேலையற்றவர் இல்லை, ‘வேலை செய்யும் சார்ந்தோர்’ என்று 1931 மக்கள்தொகைக் கணக்கு புதிதாக வகுத்த கட்டத்தில் விழுந்தவர். படித்தவரிலும் வேலை கிடைக்காதவர் வேறு, வேலையில் இருந்தவர் வேறு. இந்திய அரசு 1931 கடைசியில் ஊழியர் சம்பளத்தில் 10 சதவீதம் வெட்டியபோது பெரிய கூக்குரல் எழுந்தது. 1932-ல் மொத்த விலைக் குறியீடு 91. நூறு ரூபாய்க்காரர் தொண்ணூறு வாங்கினாலும், சந்தையில் பொருளின் விலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. வீட்டு வாடகையும் பள்ளிச் சம்பளமும் அவ்வளவு இறங்கவில்லை என்று கழித்துக்கொண்டாலும், வேலை தங்கியிருந்த குமாஸ்தாவுக்கு அது நல்ல காலம். மதுரையில் அன்று வீடு கட்டியவர்கள், நிலம் வாங்கியவர்கள் பட்டியலில் உத்தியோகஸ்தரும் வக்கீலும் வருவது தற்செயலானதல்ல. ரயில்வேயில் கதை பாதிக்குப் பாதி. இருந்தவருக்குச் சம்பளம் நிலைத்தது, ஆனால் 1931-ல் நாடெங்கும் ரயில்வேக்கள் ஆட்குறைப்பில் இறங்கின, விசாரணை மன்றம் அமைக்கும் அளவுக்குத் தகராறு முற்றியது.

இனி ஆலை. என் வாதத்துக்கு மிகக் கடினமான சாட்சி இதுதான். உலகமெங்கும் தொழிற்சாலைகள் மூடிய காலத்தில் நம் பக்கத்தில் அவை பெருகின. இந்தியாவுக்குள் இறக்குமதியான துணி 1929-30-ல் சுமார் 190 கோடி கஜம். அடுத்த ஆண்டே அது 90 கோடிக்குக் கீழே போயிற்று. அந்நியத் துணி மறியலும் காரணம், வரியும் காரணம். பிரிட்டன் அல்லாத நாடுகளின் துணிக்கு 1932-ல் 50 சதவீதம், 1933-ல் 75 சதவீதம் வரி. உள்நாட்டு ஆலைத் துணி ஏறியது, நூலுக்குக் கிராக்கி ஏறியது. மதுரையில் ஹார்வி மில்லும், 1920-களில் கருமுத்து தியாகராசச் செட்டியார் தொடங்கிய மீனாட்சி மில்லும் நூற்றுக்கொண்டிருந்தன. 1936-ல் ராஜபாளையம் மில் பதிவாயிற்று. பைகாரா மின்சாரம் வந்தபின் கோயம்புத்தூரில் ஆலைகள் முளைத்தது தனிக் கதை. பின்னாளில் மீனாட்சி மில்லின் சங்கு பரவையிலும் ஒலித்தது, வயல் வேலையிலிருந்த ஊர் ஷிப்ட் கணக்கில் பொழுதை அளக்கத் தொடங்கியது. மதுரை நகரின் ஜனத்தொகை 1921-ல் 1,38,894, 1931-ல் 1,82,018, 1941-ல் 2,39,144. மந்தம் நகரத்தின் வளர்ச்சியைத் தடுக்கவே இல்லை. பிறகெப்படி இதை வேலை நெருக்கடி என்பது?

ஆலைக்கு லாபம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விடை கிடைக்கும். நியூயார்க்கில் பருத்தி விலை 1929-க்கும் 1932-க்கும் இடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. கரிசல் காட்டுச் சம்சாரியின் பருத்திக்கும் அதுதான் கதி. கச்சாப் பொருள் மலிவு, கிராமத்திலிருந்து வந்து வாசலில் நிற்கும் ஆள் மலிவு, போட்டித் துணிக்கு வரி. ஆலை வளர்ந்தது மந்தத்தையும் மீறி என்று எழுதுவது வழக்கம், மந்தத்தைத் தின்று வளர்ந்தது என்பதே சரி. புதிய வேலைகள் எண்ணிக்கையில் எவ்வளவு? நிலத்தில் லட்சக்கணக்கில் குறைந்த வேலை நாட்களுக்கு ஆலையின் ஆயிரங்கள் ஈடாகாது. அந்த ஆயிரங்களும் மேஸ்திரி கைகாட்டியவருக்கே. 1931-ல் வெளிவந்த அரசத் தொழிலாளர் கமிஷன் அறிக்கை, ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டாவது கடனில் இருப்பதாகச் சொன்னது. பெண்களுக்கு வாசல் இன்னும் ஒடுக்கமானது. 1911 முதல் இரவு வேலை அவர்களுக்குத் தடை. ஆலைகள் இரவு ஷிப்டும் ஓட்டிப் பெருகியபோது அந்தப் பெருக்கம் ஆண்களுடையதாயிற்று. 1934-ல் சென்னை மாகாணம் மகப்பேற்று உதவிச் சட்டம் கொண்டுவந்தது நியாயமான காரியம். ஆனால் செலவு முதலாளியின் தலையில் விழுந்ததால், பெண்ணை எடுக்காமல் இருக்க அவருக்கு இன்னொரு சாக்கும் கிடைத்தது. பின்வந்த பத்தாண்டுகளில் இந்தியப் பருத்தி ஆலைகளில் பெண்களின் பங்கு சுருங்கிக்கொண்டே போனது.

நகருக்குள் தறிச் சத்தம் நிற்கவில்லை, அதனாலேயே நெசவாளரின் துயரம் வெளியே கேட்கவில்லை. மதுரையின் சௌராஷ்டிர நெசவாளர் குடும்பங்கள் பெரும்பாலும் மொத்த வியாபாரியிடம் நூல் வாங்கிக் கூலிக்கு நெய்தவர்கள். வாங்குகிற சம்சாரி கையில் காசில்லை, பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன சரக்கு நின்றது, ஆலைத் துணி கடைக்கு வந்தது. வியாபாரி என்ன செய்வார்? சேலைக்கான கூலியைக் குறைப்பார். நெசவாளி என்ன செய்வார்? அதே வருமானத்துக்கு இன்னும் அதிகம் நெய்வார், பிள்ளைகளையும் தறியடிக்கு இழுப்பார். சரக்கு இன்னும் குவியும், கூலி இன்னும் இறங்கும். வேலையின்மையே இல்லாத வறுமை இது. வேலை இழந்தவரை மட்டும் எண்ணும் எந்தக் கணக்கிலும் இவர்கள் வரமாட்டார்கள், ஏனென்றால் இவர்கள் முன்னைவிட அதிக நேரம் உழைத்தார்கள். 1934-ல் இந்திய அரசு கைத்தறிக்கு மானியம் ஒதுக்கியது. 1935-ல் சென்னையில் மாகாண நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது, இன்றைய கோ-ஆப்டெக்ஸ் அதுதான். தறி சொந்தமாக இருந்து சங்கத்தில் சேர முடிந்தவருக்கு அது கை கொடுத்தது.

பணம் கொடுத்தவர்களும் தப்பவில்லையே என்று கேட்பவர்கள் செட்டிநாட்டைக் காட்டுவார்கள். பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் செட்டியார்களிடம் இருந்த நிலம் 1930-ல் 6 சதவீதம், 1938-ல் 25 சதவீதம். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது கபளீகரமாகத் தெரிந்தது. கணக்குப் புத்தகத்தில் அது திரும்பாத கடன், ரொக்கம் சேறாக மாறிய கதை. ஆனாலும் அவர்களுக்கும் பரவைக் கூலிக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. முதல் உள்ளவர் அடுத்த ரூபாயை எங்கே போடுவது என்று தேர்ந்தெடுக்க முடிந்தது. கிராமத்துக்கும் பர்மாவுக்கும் புதுக் கடன் கொடுப்பதை நிறுத்திவிட்டுப் பணத்தை ஆலைக்கும், பஸ்ஸுக்கும், அப்போதுதான் பேசத் தொடங்கியிருந்த சினிமாவுக்கும், வங்கிக்கும் திருப்பினார்கள். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937-ல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் கதவைத் திறந்தது இந்தத் திருப்பத்தின் பகுதி. கடன் கிடைக்காமல் போனதால் கிராமத்தில் சாகுபடி சுருங்கியது. மேலே உள்ளவர் எடுத்த புத்திசாலித்தனமான முடிவு, கீழே ஒருவரின் வேலை நாளாக வெட்டுப்பட்டது.

இவ்வளவும் உலக நெருக்கடியின் வேலையா, வெள்ளைக்காரன் ரூபாயை 18 பென்ஸில் கட்டிவைத்ததன் வேலையா என்ற சண்டை அன்றே நடந்தது. 1927 நாணயச் சட்டத்தை எதிர்த்த இந்திய வணிகர்கள் 16 பென்ஸ் கேட்டார்கள். அவர்கள் சொன்னதை ஏற்றிருந்தால் ஏற்றுமதிப் பொருளின் ரூபாய் விலை எட்டில் ஒரு பங்கு கூடியிருக்கும். 1929-க்கும் 1933-க்கும் இடையில் விலை விழுந்ததோ ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைய. ஆக, நாணயக் கொள்கை காயத்தை ஆழமாக்கியது, வெட்டியது உலகச் சந்தை. இன்னொன்றும் உண்டு. சயாம், இந்தோசீனா அரிசி சென்னைக் கரையில் வந்து குவிந்து நெல் விலையை எழவிடாமல் அழுத்தியபோது, நொய் அரிசிக்கு இறக்குமதி வரி போட அரசுக்கு 1935 வரை ஆயிற்று. துணிக்கு 1930-லேயே கிடைத்த பாதுகாப்பு அரிசிக்கு ஐந்து வருஷம் பிந்தி வந்தது. ஆலை முதலாளிக்கு டெல்லியில் குரல் இருந்தது.

குரல் வாக்காக மாறியபோது நிவாரணமும் வந்தது. 1937 ஜூலையில் பதவியேற்ற ராஜாஜி மந்திரிசபை அடுத்த ஆண்டு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபர் 1-க்கு முன் வாங்கிய கடனில் 1937 அக்டோபர் 1 வரை நின்றிருந்த வட்டி முழுக்க ரத்து. விழுந்த விலையில் ஏறிய கடனை, அதன் காரணம் புரிந்து, வேரிலேயே வெட்டிய துணிச்சலான சட்டம் அது. கடன் கொடுத்தவர்கள் கொதித்தார்கள், ஒப்பந்தத்தின் புனிதம் பற்றிப் பேசினார்கள். விலை பாதியானபோது அந்த ஒப்பந்தம் ஒருதலையாக மாறியதைப் பற்றி அவர்கள் பேசவில்லை. ஆனால் சட்டத்தின் மூன்றாம் பிரிவு விவசாயி என்றால் யார் என்று வரையறுத்தது: மாகாணத்தில் விவசாய நிலத்தில் விற்கத்தக்க பாத்தியதை உள்ளவர். மதுரை முனிசிபாலிட்டிக்குள் மொத்த வியாபாரியிடம் கடன்பட்டிருந்த கூலி நெசவாளி அந்த வரையறைக்குள் வரவில்லை. பண்ணையில் முன்பணம் வாங்கியிருந்த நிலமற்ற கூலியும் வரவில்லை. நாகப்பட்டினத்தில் இறங்கி வந்து, ஏழெட்டு வருஷமாகியும் பேருக்கு ஒரு செண்டு நிலமில்லாதவரும் வரவில்லை. அவருக்கு மிஞ்சியிருந்த ஒரு வழி மறுபடியும் கப்பலேறுவது. 1938-லேயே இந்திய அரசு மலாயாவுக்கு உதவி பெற்று ஆள் போவதைத் தடை செய்தது. அங்கே கூலி வெட்டப்பட்டதற்கு எதிரான நடவடிக்கை அது. அந்தத் தடைக்குப் பின் மதுரை ஆலை வாசல்களில் கூட்டம் எப்படி மாறியது, மகாலட்சுமி மில் போராட்டம் எதற்காக நடந்தது என்பதை அடுத்த பகுதியில் பார்க்கலாம்.